ஒற்றைக்கால் ஃபோர்க்கும் பன்னிரண்டு மில்லிமீட்டரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது முழுக்க முழுக்கச் சைக்கிள் விஷயம். அதிலும் சைக்கிளின் ஒரே ஒரு உறுப்பைப் பற்றியது. பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடுவில் ஒரு பெரியவர் வருகிறார். அவரை ஒரு மாதம் நான் என்ன பாடு படுத்தினேன் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு பீடிகையும்.

நான் படிக்கிற ஊர் அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் கொர்வாலிஸ். ஊரை ஒட்டி மெக்டொனால்டு காடு இருக்கிறது, பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் காடு. அதற்குள் டிம்பிள் ஹில் என்று ஒரு குன்று. இந்த ஊரில் மலை சைக்கிள் வைத்திருப்பவர் எவரும் ஒரு தடவையாவது அங்கே ஏறி நாக்குத் தள்ளியிருப்பார். நானும் ஒரு ஓட்டை சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை, தெருமுனையில் யாரோ வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு பழைய சாமான்களை வாசலில் பரப்பி வைத்திருந்தார்கள். அதில் கிடந்தது அது. கேனண்டேல் கம்பெனியின் லெஃப்டி ஃபோர்க். சக்கரத்தோடு சேர்த்து 60 டாலர். ஃபிரேம் விரிசல் விட்டதால் தூக்கிப் போட்டாயிற்றாம், இது மட்டும் மிச்சம்.

லெஃப்டியைப் பார்க்காதவர்களுக்கு: சாதாரண சைக்கிளில் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள ஃபோர்க்குக்கு இரண்டு கால் இருக்கும். இதற்கு ஒன்றுதான். ஓட்டுகிறவரின் இடது கைப்பக்கம் ஒரு தடித்த குழாய், வலது பக்கம் வெறும் காற்று. சக்கரம் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். வீட்டுக்குத் தூக்கி வந்தபோது அறைத்தோழன் கேட்டான், "மாப்ள, பாதி விலைக்குக் கொடுத்தான்னு பாதி ஃபோர்க்க வாங்கிட்டு வந்தியா?" அப்புறம் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எங்கப்பாவோட சேட்டக்ல கூட முன் வீல் இப்படி ஒரு பக்கமாத்தான்டா நிக்கும்" என்றான்.

நியாயமான பேச்சு. பஜாஜ் சேட்டக்கும் அதன் தாத்தாவான வெஸ்பாவும் முன்சக்கரத்தை ஒரு பக்கமாகத்தான் பிடித்திருந்தன. ஆனால் அவற்றில் சக்கரம் ஒரு சின்னக் கையில் தொங்கிக்கொண்டு மேலும் கீழும் ஆடும். லெஃப்டியில் அப்படி இல்லை, குழாய்க்குள் குழாய் ஏறி இறங்குகிறது. இங்கேதான் சிக்கல். வட்டமான குழாய்க்குள் வட்டமான குழாயை விட்டால் ஏறி இறங்குவதோடு நிற்காது, சுழலவும் செய்யும். இரண்டு கால் இருந்தால் ஒன்றை ஒன்று சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரே கால் என்றால் ஹேண்டில் பாரை ஒரு பக்கம் திருப்ப, சக்கரம் தன் இஷ்டத்துக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு அவர்கள் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: உள்குழாயின் மேல்பகுதியைச் சதுரமாக்கிவிட்டார்கள். சதுரத்தின் நான்கு முகத்திலும் ஊசி போன்ற உருளைகள் வரிசையாக அடுக்கிய பட்டைகள். முகத்துக்கு 22 உருளை, மொத்தம் 88. சதுரம் சுழலாது. உருளைகள் உரசாமல் உருளும். அதனால் பிரேக் பிடித்து முன்பக்கம் பாரம் விழும்போதும் ஃபோர்க் இறுகிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். (2018-இல் வந்த லெஃப்டி ஓச்சோவில் சதுரத்தை முக்கோணமாக்கிவிட்டார்கள். எனக்குச் சதுரமே போதும்.)

இன்னொரு வசதி, பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். வலது பக்கம் திறந்துதானே கிடக்கிறது, டயரை அப்படியே உருவிக்கொள்ளலாம். மாறாக, சக்கரத்தையே கழற்ற வேண்டி வந்தால் பிரேக் காலிப்பரை முதலில் கழற்றித் தொலைக்க வேண்டும், ஏனென்றால் டிஸ்க் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். ஹப் இதற்கென்றே செய்தது, வேறு எந்த ஹப்பும் ஏறாது. கோட்டம் எடுக்கிற ஸ்டாண்டிலும் தனி அடாப்டர் இல்லாமல் உட்காராது. நான் ஃபோர்க்கையே தலைகீழாக வைஸில் கட்டி, அதிலேயே சக்கரத்தை மாட்டிச் சுற்றிவிட்டுக் கோட்டம் எடுத்தேன்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். பெரிய தொல்லை கழுத்தில் இருக்கிறது. ஃபோர்க்கின் தண்டு, அதாவது ஸ்டியரர், ஃபிரேமின் முன்னால் இருக்கும் ஹெட் ட்யூபுக்குள் நுழைய வேண்டும். அந்தக் காலத்து மற்ற மலை சைக்கிள்களில் ஸ்டியரரின் விட்டம் பெரும்பாலும் ஒன்றே அரைக்கால் அங்குலம் என்று யாரும் சொல்வதில்லை, "ஒன்று ஒன்று பை எட்டு" என்பார்கள். 28.6 மி.மீ. கேனண்டேலுக்கோ 1.5625 அங்குலம். கிட்டத்தட்ட 39.7 மி.மீ. ஏன் இப்படி ஒரு வினோத எண் என்றால், 1992-இல் அவர்கள் ஹெட்ஷாக் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சஸ்பென்ஷன் முழுவதையும் ஹெட் ட்யூபுக்குள்ளேயே ஒளித்துவைத்த ஏற்பாடு அது. அத்தனையும் உள்ளே அடங்க வேண்டுமென்றால் கழுத்து தடித்துத்தானே ஆக வேண்டும். பின்னால் வந்த லெஃப்டியில் சஸ்பென்ஷன் காலுக்கு இறங்கிவிட்டது, ஆனாலும் தடித்த கழுத்து மட்டும் பரம்பரைச் சொத்து மாதிரி அப்படியே தொடர்ந்தது.

ஆக, லெஃப்டியை வாங்குவது ஃபோர்க் வாங்குவது இல்லை, சம்பந்தம் பண்ணுவது. பெண்ணோடு ஹப் வரும், பேரிங் வரும், கிளாம்ப் வரும், அத்தனை பேருக்கும் சீர் செய்தாக வேண்டும். அந்தக் குடும்பமும் நிலையாக ஓரிடத்தில் இருக்கிற குடும்பமா என்றால் இல்லை. 1971-இல் ஆரம்பித்த கம்பெனி, மோட்டார் சைக்கிள் செய்யப்போய் 2003-இல் திவால். 2008-இல் ஒருவர் கை, 2022-இல் இன்னொருவர் கை. இருபது வருடத்துக்கு முந்தைய உதிரிப்பாகத்துக்கு யாரிடம் போய் நிற்பது?

இப்போது பெரியவர். ஊருக்கு வெளியே ஒரு கராஜில் ஸ்டீல் ஃபிரேம் செய்கிறவர். ஆயுளெல்லாம் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் துறையின் பட்டறையில் எப்போதாவது வந்து மாணவர்களுக்குப் பித்தளைப் பற்றவைப்பு சொல்லிக்கொடுப்பார், அப்படித்தான் பழக்கம். நான் லெஃப்டியைக் காட்டி, இதற்கென்று ஒரு ஃபிரேம் செய்யலாமா என்று கேட்டேன். வீட்டைக் காலி செய்துகொண்டு அரிசோனாவில் மகள் வீட்டுக்குப் போகப் போவதாகவும், ஏற்கெனவே ஜிக்கை விலை பேசிவிட்டதாகவும் சொன்னார். கொஞ்ச நேரம் ஃபோர்க்கைக் கையில் உருட்டிப் பார்த்தார். "சரி, இதுதான் கடைசி. வரைபடம் உன் பொறுப்பு. நீ என்ன எண் எழுதுகிறாயோ அதைத்தான் நான் அறுப்பேன்" என்றார்.

முதல் சண்டை ஹெட் ட்யூபில் வந்தது. நான் கேனண்டேலின் அளவிலேயே, அந்தத் தடித்த பேரிங் கப்பே இல்லாமல் நேராக உள்ளே அமர்கிற மாதிரி செய்ய வேண்டும் என்றேன். அதுதானே அசல்? அவர் 44 மி.மீ. உள்விட்டம் உள்ள ட்யூபை எடுத்து மேஜையில் வைத்தார். ஸ்டீலில் கையால் ஃபிரேம் செய்கிறவர்கள் நிறையப் பேர் இதைத்தான் விரும்பிப் போடுகிறார்கள். உள்ளே அமுங்கிக்கொள்கிற கப் போட்டால் 28.6 மி.மீ. ஸ்டியரர் நுழையும். கீழே மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கப் போட்டால், அடியில் ஒன்றரை அங்குலத்துக்குத் தடித்து மேலே மெலிகிற இந்தக் காலத்து ஸ்டியரரும் நுழையும். லெஃப்டிக்கு இந்த இரண்டு அளவிலும் மாற்று ஸ்டியரர்களை ப்ராஜெக்ட் 321 போன்ற சிறு கம்பெனிகள் செய்திருந்தன. "இந்த ஃபோர்க் செத்தால் வேறு ஃபோர்க் போட்டுக்கொள்வாய். நீ சொல்வதைச் செய்தால் ஃபோர்க்கோடு ஃபிரேமையும் சேர்த்துப் புதைக்க வேண்டும்" என்றார். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு ஒப்புக்கொண்டேன்.

அடுத்தது அளவு. ஃபிரேம் செய்கிறவருக்கு ஃபோர்க் என்பது ஒரு எண். சக்கர அச்சின் மையத்திலிருந்து கீழ் பேரிங் உட்காரும் இடம் வரை எவ்வளவு நீளம், அவ்வளவுதான். நான் டேப் வைத்து அளந்து 452 மி.மீ. என்று கொண்டுபோனேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. ஃபோர்க்கைத் தரையில் அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். "இது முழுசாக நீளவில்லையே" என்றார்.

லெஃப்டியோடு குடும்பம் நடத்தியவர்களுக்குத் தெரிந்த சமாச்சாரம்தானாம். அந்த உருளைப் பட்டைகள் ஓட ஓட மெல்ல மெல்ல இடம் நகர்ந்துவிடும். நகர்ந்தால் கால் கடைசிவரை நீளாது, அசைவு குறைந்துகொண்டே வரும். பராமரிப்பின்போது பட்டைகளை மறுபடி அவற்றின் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், முன்பு வைத்திருந்தவர் பல வருடமாகச் செய்யவில்லை போலிருக்கிறது. காற்றை இறக்கி, மேல்மூடியைக் கழற்றி, காலைக் கடைசிவரை பலமாக இழுக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து கயிறு இழுக்கும் போட்டி மாதிரி இழுத்தோம். நாலாவது இழுப்பில் "டொக்" என்று ஒரு சத்தம். மறுபடி அளந்தால் 470! பதினெட்டு மி.மீ. வித்தியாசம். அந்த 452-ஐ நம்பி ட்யூபை அறுத்திருந்தால் சைக்கிளின் முகம் கிட்டத்தட்ட ஒரு டிகிரி மேலே பார்த்துக்கொண்டிருந்திருக்கும். எனக்கு வியர்த்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் 470 என்று சாக்பீஸால் சுவரில் எழுதினார். கீழ் கப் உள்ளே அமர்வதா வெளியே நீட்டிக்கொண்டிருப்பதா என்று கேட்டார். உள்ளே என்றேன். அதையும் பக்கத்தில் எழுதினார்.

ஒரு கண்டம் தப்பிவிட்டால் மனுஷனுக்கு வருகிற தைரியம் இருக்கிறதே, அதைப் போல ஆபத்து வேறில்லை.

ஃபிரேம் ஐந்து வாரத்தில் முடிந்தது. அவர் பற்றவைக்கிறபோது நான் பக்கத்தில் நின்று ட்யூப்களை ராவிக் கொடுத்தேன். பித்தளை உருகி இணைப்பைச் சுற்றி ஓடுகிற அந்தக் கணம் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. லெஃப்டியின் கால் ஹெட் ட்யூபுக்குப் பக்கத்திலேயே மேல் கிளாம்ப் வரை ஏறி வருவதால், ஹேண்டிலை இடது பக்கம் ரொம்பத் திருப்பினால் கால் வந்து ஃபிரேமில் இடிக்கும். அந்த இடத்தில் சின்னதாக ஒரு ரப்பர் திண்டு ஒட்டிக் கொடுத்தார். ஹெட் ட்யூபின் சாய்வு 71 டிகிரி என்று வரைந்திருந்தேன், ஜிக்கில் 71 என்று வைத்தார். பெயின்ட் நான் அடித்துக்கொள்கிறேன் என்றேன். அடுத்த வாரம் அவர் அரிசோனா போய்விட்டார்.

மாற்று ஸ்டியரர் மட்டும் வாங்க வேண்டியிருந்தது. நான் தேடியது 28.6 மி.மீ. நேர் ஸ்டியரர். கிடைத்தது, பழையது, பாதி விலையில், ஆனால் அடியில் தடித்த வகை. அதுவும் 44-க்குள் நுழையும், கீழ் கப் மட்டும் வேறே. போதாததற்குக் கீழ் பேரிங் பெரிதாக இருந்தால் உறுதி கூடத்தானே? சரி என்று வாங்கிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாவற்றையும் மாட்டினேன். முதலில் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, மேல் போல்ட்டை இறுக்கி ஹெட்செட்டின் ஆட்டத்தை எடுத்துவிட்டு, அப்புறம் டார்க் ரெஞ்ச் வைத்துக் கிளாம்ப்புகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன். வெண்ணெய் மாதிரி உட்கார்ந்தது. மேல் கிளாம்புக்கு அடியில் போடுவதற்கென்று வரைபடத்தில் ஒரு 12 மி.மீ. ஸ்பேஸர் வைத்திருந்தேன். அதற்கு இடமே இல்லாமல் போயிற்று. ஒரு ஸ்பேஸர் மிச்சம் என்று சந்தோஷமாக பென்சில் டப்பாவில் போட்டேன். படம் எடுத்துப் பெரியவருக்கு அனுப்பினேன். "அழகாக இருக்கிறது" என்று பதில் போட்டார்.

டிம்பிள் ஹில்லில் இறங்கும்போது சுகமாகத்தான் இருந்தது. ஏறும்போது சைக்கிள் என் பேச்சைக் கேட்கவில்லை. செங்குத்தான இடத்தில் மெதுவாக மிதிக்கையில் முன்சக்கரம் குடித்தவன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. சீட்டை முன்னால் தள்ளினேன். காற்றைக் கூட்டினேன், குறைத்தேன். டயரை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது ஒரு மின்னஞ்சல் எழுதினேன் அவருக்கு. இன்று வரை அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை இங்கே போடவில்லை. சாரம் இதுதான்: சைக்கிள் நன்றாக இருக்கிறது, ஆனால் ஏறும்போது முன்பக்கம் அலைகிறது, நாம் வரைந்த 71 டிகிரி வந்திருக்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது.

கவனித்தீர்களா, "நாம் வரைந்த". வரைந்தது நான். வந்திருக்கிறதா என்று கேட்டால் அதற்கு அர்த்தம், உங்கள் ஜிக் சரியாக இருந்ததா என்பதுதான். அவர் பதில் போடவில்லை. எனக்கும் தேர்வு நெருக்கிக்கொண்டிருந்ததால் மறந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு மழை நாளில், வேறு வேலை இல்லாமல் சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி அளக்க ஆரம்பித்தேன். கைபேசியில் இருக்கும் கோணமானியை முழுசாக நம்ப முடியாது என்பதால், நூலில் ஒரு பெரிய நட்டைக் கட்டித் தூக்குக்குண்டாக்கி, ஹெட் ட்யூபின் கோட்டைச் சுவரில் ஒட்டிய காகிதத்தில் குறித்தேன். 70.3 டிகிரி. பெடல் அச்சின் உயரம் வரைபடத்தில் 300 மி.மீ., சைக்கிளில் 305. கோணம் குறைந்திருக்கிறது, பெடல் உயர்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன: முன்பக்கம் எதுவோ நீளமாக இருக்கிறது. எவ்வளவு? சக்கரங்களுக்கு இடையே 1,050 மி.மீ. அந்தத் தூரத்தில் 0.65 டிகிரி வர வேண்டுமென்றால் முன்னால் சுமார் 12 மி.மீ. உயர வேண்டும்.

பன்னிரண்டு.

பென்சில் டப்பாவைத் திறந்தேன். அது அங்கே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். வரைபடம் போட்டபோது உள்ளே அமர்கிற கீழ் கப், அதன் உயரம் கிட்டத்தட்டப் பூஜ்யம். மலிவாகக் கிடைத்த ஸ்டியரருக்காக நான் மாட்டியது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கப், அதன் உயரம் 12 மி.மீ. ஹெட் ட்யூபுக்கு அடியில் 12 மி.மீ. நுழைந்ததால் இரண்டு கிளாம்ப்புகளுக்கும் நடுவில் மேலே இருந்த 12 மி.மீ. இடம் காணாமல் போயிற்று. எல்லாம் பொருந்தியது. ஒரு போல்ட் கூட முரண்டு பிடிக்கவில்லை. சொந்த அளவுகளோடு வருகிற இந்த மாதிரி சாமானில் எது நுழையும் எது நுழையாது என்ற கேள்வியிலேயே நம் புத்தி முழுக்கச் செலவாகிவிடுகிறது. நுழைந்துவிட்டால் ஜெயித்துவிட்டோம் என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறோம்.

0.65 டிகிரிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். இன்றைய மலை சைக்கிள்களில் ஹெட் ட்யூப் 65, 66 டிகிரி வரைகூடச் சாய்ந்துவிட்டது, அவற்றின் பக்கத்தில் என் 70.3 செங்குத்துச் சுவர். உண்மைதான். ஆனால் அவை அதற்கென்றே வரையப்பட்டவை, ஃபிரேமின் முன்பாதி நீளம், ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம் குட்டை. என்னுடையது பழைய கணக்கில் போட்டது. ஸ்டியரிங் அச்சை ஒரு கோடாக நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்குக் கொஞ்சம் பின்னால் டயர் தரையைத் தொடும். அந்த இடைவெளிக்கு ட்ரெயில் என்று பெயர். ஆஸ்பத்திரி ட்ராலியின் சக்கரம் தானாகவே போகிற திசைக்குத் திரும்பிக்கொள்வது இதனால்தான். என் சைக்கிளில் அது 69 மி.மீ. இருக்க வேண்டியது 73 ஆகியிருந்தது. வேகத்தில் அது நிதானம் தரும். நடை வேகத்தில் மலை ஏறுகையிலோ, சக்கரம் லேசாகச் சாய்ந்தால்கூட அந்தப் பக்கமே விழப் பார்க்கும். போதாததற்கு முன்பக்கம் உயர்ந்ததால் என் பாரமும் பின்னால் போயிருந்தது. யாரும் செத்துப் போகிற தவறு இல்லை. ஆனால் அவர் செய்து கொடுத்த சைக்கிள் இதில்லை.

அன்று ராத்திரியே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அடாப்டரை மாற்றிவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒரு வரி எழுதிவிடலாம், காரணம் எதற்கு என்று ஒரு யோசனை ஓடியது. அறைத்தோழனிடம் சொன்னேன். அவன் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே, "அந்தத் தாத்தா இப்ப என்ன நெனச்சிக்கிட்டு இருப்பாரு?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். சனிக்கிழமை காலை கூப்பிட்டேன்.

கீழ் கப்பை மாற்றிய கதையைச் சொல்லி முடிக்கிறவரை அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டர் ஸ்பேஸர் எங்கே?"

"பென்சில் டப்பாவில்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், நீ அனுப்பிய படத்திலேயே வெளியே நீட்டிக்கொண்டிருந்த கப்பை நான் பார்த்திருக்க வேண்டும், பெயின்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். அதற்கப்புறம்தான் மெதுவாக விஷயம் வந்தது. என் மின்னஞ்சலைப் படித்ததும் ஜிக்கை வாங்கியவருக்குப் போன் செய்து, அதில் அடுத்த ஃபிரேம் செய்வதற்கு முன் கோண அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், தப்பாக இருந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வாங்கியவர் பார்த்துவிட்டு நூல் பிசகவில்லை என்றிருக்கிறார். இவருக்கு நம்பிக்கை வரவில்லை. அப்படியானால் தப்பு ஜிக்கில் இல்லை, தன் கண்ணில்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு, வருகிற மாதம் கண் டாக்டரிடம் நாள் வாங்கிவைத்திருந்தார்.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "கண் டாக்டரிடம் எப்படியும் போக வேண்டியதுதான்" என்றார். பிறகு உடனே கணக்குக்கு வந்துவிட்டார். நேர் ஸ்டியரர் வாங்கு, கீழே உள்ளமர் கப் போடு, ஸ்பேஸரை மேலே போடு, கிளாம்ப்புகளின் இடைவெளி மாறாது. அதாவது 12 மி.மீ.-ஐ அடியிலிருந்து எடுத்து மேலே வைத்தால் தீர்ந்தது. ஃபிரேமில் கை வைக்க வேண்டியதே இல்லை. நான் அடம்பிடித்த மாதிரி கேனண்டேல் அளவிலேயே ஹெட் ட்யூப் செய்திருந்தால் இந்தத் தவறே நடந்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதில் கப்பே கிடையாதே. அதை அவரிடம் சொன்னேன். "ஆமாம். வேறு ஒரு தவறு பண்ணியிருப்பாய்" என்றார். :-)

நேர் ஸ்டியரர் கிடைக்க ஆறு வாரம் ஆயிற்று, இந்தத் தடவை முழு விலை. பழைய கப்பைத் தட்டி எடுத்து, புதியதை அழுத்தி உட்காரவைத்து, ஸ்பேஸரை அதன் இடத்தில் போட்டு இறுக்கினேன். மறுபடி நூலும் நட்டும். 70.9. அந்த 0.1 என் நூலின் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். காகிதத்தைச் சுவரோடு படம் பிடித்து அனுப்பினேன். கூடவே கீழ் கப்பை மட்டும் தனியாக, நெருக்கமாக ஒரு படம். பெயின்ட் தெரியாத மாதிரி.

அடுத்த ஞாயிறு டிம்பிள் ஹில்லில் ஏறினேன். பாதியில் மூச்சு வாங்க நின்றபோது எதிரே இறங்கி வந்த ஒருவர் வழக்கமான ஜோக்கைச் சொன்னார், "தம்பி, உன் ஃபோர்க்கில் பாதியைக் காணோம்." லெஃப்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது தினசரிப் பிரசாதம்.

அடியில் தடித்த அந்தப் பழைய ஸ்டியரர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. லெஃப்டி வைத்திருக்கிறவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் வாங்கிய விலையில் பாதிக்குத் தருகிறேன். கீழ் கப்பும் கூடவே உண்டு. உயரம் 12 மி.மீ.